வீட்டு வேலிக்கும் கவ்வாத்து வேண்டும்



இம்முறை வீட்டைச் சுற்றியிருக்கும் பச்சை வேலியைப் பற்றிச் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம். "வேலி வெட்டுறதுக்கும் ஒரு பாடமா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டு வாசியுங்கள்.

தேயிலைக் கவ்வாத்தைப் பற்றி எமது ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எந்த மலையை எந்த மாதத்தில் வெட்டுவது, எத்தனை அங்குல உயரத்தில் வெட்டுவது, எந்த வாதை விடுவது, எதை எடுப்பது என்பதெல்லாம் கத்தி பிடித்த கைக்குத் தெரியும். ஆனால் அதே கை வீட்டு வேலியை மட்டும் இரண்டு மூன்று வருடம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "என்னா இது, காடா கெடக்கு" என்று கோபம் வந்து, அடியோடு வெட்டித் தள்ளுகிறோம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பாதிச் செடி பட்டுப்போயிருக்கும். பட்டுப்போன சந்தில் பழைய தகரத்தையும் சாக்கையும் வைத்து அடைக்கிறோம். வேலி போய்விட்டது, குப்பைதான் மிச்சம்.

தேயிலைக்கு நாம் செய்யும் அதே யோசனையை வீட்டு வேலிக்கும் செய்தால் போதும். புதிதாகப் படிக்க அதிகம் இல்லை.

வேலியால் என்ன ஆகப்போகிறது?

முதலாவது, இடம். புதிய தனி வீடுகளில் பலருக்கும் 7 பேர்ச்சஸ் காணி கிடைத்திருக்கிறது. ஒரு பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 272 சதுர அடி. அப்படியானால் 7 பேர்ச்சஸ் ஏறக்குறைய 1,900 சதுர அடி. இந்தக் காணியின் மூன்று பக்கமும் வேலி இருந்தால், அதன் நீளம் சுமார் 130 அடி வரும். வெட்டாமல் விட்ட வேலி எமது பக்கமாக ஒன்றரை அடி பெருத்தால், 195 சதுர அடி நிலம் போய்விடும். அதாவது மொத்தக் காணியில் பத்தில் ஒரு பங்கு! வீடும் கழிவறையும் பாதையும் போக மிஞ்சும் மரக்கறிப் பாத்தியில் இது எவ்வளவு பெரிய துண்டு என்று எண்ணிப்பாருங்கள். லயத்து வாசலில் நாலு பாத்தி வைத்திருப்பவருக்கு இந்த நட்டம் இன்னும் பெரிது.

இரண்டாவது, வெளிச்சமும் காற்றும். மலைநாட்டில் மழைக்காலத்தில் துணி காய்வதே பெரும்பாடு. ஜன்னலை மறைத்து நிற்கும் வேலி, உள்ளே ஈரத்தையும் பூஞ்சணத்தையும் கொண்டுவரும். இருமலும் இழுப்பும் உள்ள பிள்ளைகளுக்கு இது கூடாது.

மூன்றாவது, அயல். வேலிச் சண்டை எப்படித் தொடங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். "அண்ணே, ஒங்க வேலி எங்க பீன்ஸ் பாத்தி மேல சாஞ்சி கெடக்கு" என்று ஒருவர் சொல்வார். "அது எங்க பக்கந்தான் தம்பி, ஒங்க பாத்திதான் தள்ளி வந்திருச்சு" என்று மற்றவர் சொல்வார். வருடத்துக்கு இரண்டு முறை ஒழுங்காக வெட்டிய வேலியில் இந்தப் பேச்சுக்கு இடமே வராது.

நான்காவது, மண். சரிவில் கட்டிய வீட்டுக்கு வேலியின் வேர் எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

எந்தக் காலத்தில் வெட்டுவது?

தேயிலையைக் கடும் வறட்சியில் கவ்வாத்து வெட்டினால் என்ன ஆகும்? செத்துப்போகும். இலை இல்லாத செடி, வேரில் சேர்த்து வைத்திருக்கும் மாப்பொருளைத் தின்றுதான் புதுத் தளிர் விட வேண்டும். வேரில் அந்தச் சேமிப்பு இல்லாத நேரத்தில் வெட்டினால் செடி எழும்பாது. அதனால்தான் கவ்வாத்துக்கு முன் தேயிலையைச் சில வாரம் கொழுந்து எடுக்காமல் ஆறப் போடுகிறார்கள். வேரை வெட்டி அயடீன் பூசி, நீலக் கறுப்பு நிறம் வருகிறதா என்று பார்ப்பதும் இதற்காகத்தான்.

வேலிச் செடிக்கும் இதே கணக்குத்தான். மழை தொடங்கும் நேரத்தில் வெட்ட வேண்டும், வெயில் தொடங்கும் நேரத்தில் வெட்டக் கூடாது. ஆனால் மலைநாடு முழுவதற்கும் ஒரே மாதம் சொல்ல முடியாது.

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, நாவலப்பிட்டிப் பக்கம் இருப்பவர்கள் ஏப்ரல் மாதத்தில் முதல் வெட்டை வெட்டலாம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பின்னேர மழை விழத் தொடங்கும். மண் நனைந்திருக்கும், வெயிலும் இருக்கும். செடி சீக்கிரம் தளிர்க்கும். இரண்டாவது வெட்டைத் தென்மேற்குப் பெருமழை தணிந்த பிறகு, செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபரிலோ வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு வீடு வெள்ளையடிக்கும்போது வேலியும் அழகாக நிற்கும். ஜனவரி முதல் மார்ச் வரையான காய்ச்சலில் கைவைக்க வேண்டாம்.

பதுளை, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் கணக்கு வேறு. அங்கே ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்ச்சலும் கச்சான் காற்றும் சேர்ந்து அடிக்கும். அந்த நேரத்தில் வெட்டிய செடி தளிர் விட்டாலும் காற்று அதைக் கருக்கிவிடும். ஆகவே ஊவாப் பக்கத்தில் பெரிய வெட்டை ஒக்டோபரில், நாலைந்து மழை விழுந்து மண் ஊறிய பிறகு செய்யுங்கள். இரண்டாவதாக, மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ லேசாகத் தட்டிவிட்டால் போதும்.

நுவரெலியா, கந்தப்பளை போன்ற உயர்ந்த இடங்களில் இன்னொரு பயம் இருக்கிறது. அது உறைபனி. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல் மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளை விழும். இளந்தளிர் அதைத் தாங்காது. வெட்டினால்தான் இளந்தளிர் வரும். எனவே நவம்பர் நடுப்பகுதிக்குப் பின் பெரிய வெட்டு வேண்டாம்.

நாள் பார்க்கும்போதும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மூட்டமான நாள் நல்லது. உள்ளே நிழலில் இருந்த இலைகள் வெட்டியவுடன் திடீரென வெயிலுக்கு வந்தால் எரிந்து பழுப்பாகும். அதேவேளை, மழை பெய்துகொண்டிருக்கும்போதும் இலையில் நீர் சொட்டும்போதும் வெட்டாதீர்கள். ஈரத்தில் பூஞ்சண நோய் ஒரு செடியிலிருந்து மற்றதற்குக் கத்தியோடு போகும். கால் மிதிபட்டு வேரடி மண்ணும் இறுகிப்போகும்.

எவ்வளவு வெட்டுவது?

இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். "ஒரேயடியா வெட்டிட்டா ரெண்டு வருசத்துக்குப் பாக்கத் தேவல்ல" என்ற நினைப்பை விட்டுவிடுங்கள்.

ஒரு தடவையில் செடியின் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். இலைதான் செடிக்குச் சமையலறை. சமையலறையை இடித்துவிட்டுச் சோறு கேட்க முடியாது. தேயிலையில் சில இடங்களில் ஒன்றிரண்டு வாதுகளை இலையோடு விட்டுக் கவ்வாத்து வெட்டுகிறோம் அல்லவா? மிச்சச் செடி தளிர்க்கும்வரை அந்த வாது சோறு போடும். அந்தப் புத்தியை இங்கேயும் பாவியுங்கள்.

வேலி ஏற்கனவே காடாகிவிட்டதென்றால் என்ன செய்வது? இரண்டு வருடத்தில் சரிசெய்யலாம். முதல் வருடம் வீட்டுப் பக்கத்தை மட்டும் உள்ளே தள்ளி வெட்டுங்கள். மறுபக்கத்தைத் தொடாதீர்கள். அந்தப் பக்கத்து இலை செடியை உயிரோடு வைத்திருக்கும். வெட்டிய பக்கம் நன்றாகத் தளிர்த்து மூடிய பிறகு, அடுத்த வருடம் மறுபக்கத்தை வெட்டுங்கள். உயரத்தையும் இப்படியே இரண்டு மூன்று தடவையாக இறக்குங்கள். வெட்டி முடித்ததும் வேரடியில் மக்கிய எருவைப் போட்டு, சருகால் மூடிவிடுங்கள்.

புதிதாக நட்ட வேலிக்கு இதற்கு நேர்மாறான தப்பு நடக்கிறது. "சின்னச் செடிதானே, வளரட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அது ஒற்றைக் கம்பாக நாலடி உயர்ந்து, மேலே மட்டும் கிளை விடும். கீழே நாயும் கோழியும் நுழைய வழி இருக்கும். இளந்தேயிலையை நாம் அப்படி விடுகிறோமா? நடுத்தண்டைத் தாழ வெட்டி, பக்க வாது எடுத்து, பிறகுதானே மட்டம் கட்டுகிறோம். வேலிச் செடியும் வேர் பிடித்து ஒன்றரை அடி வந்ததும் நுனியை வெட்டுங்கள். கீழிருந்து கிளைக்கும். அந்தக் கிளைகள் ஓரடி வளர்ந்ததும் மறுபடியும் பாதி வெட்டுங்கள். ஒரு வருடம் பொறுத்தால் அடியிலிருந்தே அடர்ந்த வேலி கிடைக்கும்.

வடிவம்: அடி அகலம், தலை ஒடுக்கம்

வேலியைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அடி அகலமாகவும் தலை சற்று ஒடுங்கியும் இருக்க வேண்டும். அடியில் இரண்டடி என்றால் தலையில் ஒன்றரை அடி. அநேகமாக நாம் வெட்டும் வேலி இதற்கு எதிராகத்தான் இருக்கிறது. தலை குடை மாதிரி விரிந்து நிற்கும். அதன் நிழலில் அடிக்கிளைகள் வெளிச்சம் கிடைக்காமல் காய்ந்து உதிரும். அடி ஒருமுறை மொட்டையானால் மறுபடி மூடுவது கடினம்.

உயரம், வீட்டு முன்பக்கம் மூன்று அல்லது மூன்றரை அடி போதும். வாசலுக்கு யார் வருகிறார்கள் என்று உள்ளிருந்து தெரிய வேண்டும். பாதையில் வரும் பிள்ளையை வாகன ஓட்டியும் பார்க்க வேண்டும். குளிக்கும் இடம், கழிவறைப் பக்கம் ஐந்தடி வரை விடலாம்.

மட்டம் பிடிப்பதற்குக் கொழுந்து எடுக்கும் அம்மாமாரைவிட நல்ல ஆட்கள் கிடையாது. மட்டக்கம்பை வைத்து மலை முழுவதும் ஒரே மட்டம் வைத்திருப்பவர்கள் அவர்கள். வேலியின் இரு முனையிலும் இரண்டு கம்பு நட்டு, வேண்டிய உயரத்தில் ஒரு கயிறை இழுத்துக் கட்டுங்கள். நிலம் சரிவாக இருந்தால் கயிறும் நிலத்தோடு சரிந்தே போகட்டும். மேடும் பள்ளமும் ஒரே உயரம் வர வேண்டுமென்று வெட்டினால், மேட்டுப் பக்கச் செடி மொட்டையாகிவிடும். முதலில் பக்கங்களைக் கீழிருந்து மேலாக வெட்டுங்கள். தலையைக் கடைசியில் வெட்டுங்கள்.

கத்தி கூராக இருக்கட்டும். மழுங்கிய கத்தி வெட்டாது, பிய்க்கும். பிய்ந்த இடத்தில் நீர் தங்கி அழுகும். மெல்லிய தளிருக்கு வேலி வெட்டும் நீளக் கத்தரி நல்லது. பெருவிரல் மொத்தத்துக்கு மேற்பட்ட வாதுக்குக் கவ்வாத்துக் கத்தி அல்லது சிறு வாள் வேண்டும். வெட்டு சற்றுச் சாய்வாக இருந்தால் மழைநீர் வழிந்துவிடும். நோய்ப்பட்ட செடியை வெட்டினால், அடுத்த செடிக்குப் போகுமுன் கத்தியை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

செடிக்குச் செடி வேறுபாடு

செம்பருத்தி: எந்த வெட்டையும் தாங்கும். பழைய வாதிலிருந்தும் தளிர்க்கும். ஆனால் பூப்பது புதுத் தளிரில்தான். அடிக்கடி தட்டினால் பூ இருக்காது. பூசைக்குப் பூ வேண்டுமென்றால் ஓரத்துச் செடி ஒன்றிரண்டை வெட்டாமல் விட்டுவையுங்கள்.

டுரன்டா: நீலப் பூவும் மஞ்சள் காயும் உள்ள செடி. வேகமாக வளரும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேசாகத் தட்ட வேண்டும். இதன் மஞ்சள் காய் நஞ்சு. பிள்ளைகள் மணி என்று வாயில் போடுவார்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் காய் பிடிக்குமுன் பூவோடு வெட்டிவிடுங்கள்.

கிளிரிசீடியா: தாழ்ந்த, நடுத்தர உயரத் தோட்டங்களில் நன்றாக வரும். நுவரெலியாக் குளிருக்கு ஒத்துவராது. கம்பை நட்டாலே பிடிக்கும். நன்றாக வேர் பிடித்த பிறகு வருடத்துக்கு மூன்று தடவைகூட வெட்டலாம். மூன்றடி உயரத்தில் வெட்டுங்கள். தழை ஆட்டுக்கும் பாத்திக்கும் உதவும்.

சைப்ரஸ்: உயர்ந்த பகுதிகளில் காற்றுக்குத் தடுப்பாக வைப்பது. இதில் மிகவும் கவனம் வேண்டும். பச்சை உள்ள இடத்தில் மட்டும் வெட்டுங்கள். உள்ளே இலையில்லாத பழுப்புக் கட்டை வரை வெட்டினால் அது மறுபடி தளிர்க்காது. அந்தப் பள்ளம் என்றைக்கும் பள்ளம்தான். ஆகவே சிறியதாக இருக்கும்போதே வருடா வருடம் கொஞ்சமாகத் தட்டி வாருங்கள்.

பொக்ஸ்வுட்: சில பங்களாத் தோட்டங்களிலும் பூங்காக்களிலும் முழங்கால் உயரத்துக்குப் பெட்டிபோல் வெட்டி நிற்கும் சிற்றிலைச் செடி. வெள்ளைக்காரத் துரைமார் தம் ஊர் வழக்கத்தில் வைத்த தோட்டங்களில் இத்தகைய வேலி முக்கியமானது. மிக மெதுவாக வளரும். வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வெட்டே போதும். வெட்டியபின் வெயிலில் எளிதாகக் கருகும். எனவே மூட்டமான நாள் இதற்குக் கட்டாயம். தோட்டக்கார வேலை செய்யும் எமது சகோதரர்கள் இதை நன்கு அறிவார்கள். எத்தனையோ பங்களா வேலிகளை நூல் பிடித்தாற்போல் வெட்டி வைத்தது எமது ஆட்களின் கைதான். அந்தக் கைவேலை எமது வீட்டு வாசலிலும் தெரிய வேண்டாமா?

வெட்டுமுன் பத்து நிமிடம்

கத்தியை எடுத்தவுடன் வேலிக்குள் கைவிடாதீர்கள். மலையில் குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதையும், சிலர் உயிரிழந்ததையும் நாம் அறிவோம். அடர்ந்த வேலி குளவிக்கும் கூடு கட்ட வசதியான இடம். பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். ஒரே இடத்துக்குக் குளவியோ தேனீயோ போய் வந்துகொண்டிருந்தால், அங்கே கூடு இருக்கிறது. அன்றைக்கு வெட்டை நிறுத்துங்கள். பந்தம் கொளுத்திக் கலைக்க முயல வேண்டாம். தோட்ட நிர்வாகத்துக்கு அறிவியுங்கள், அயலவர்களுக்கும் சொல்லுங்கள். பல குளவி கொட்டினாலோ, ஒன்றே கொட்டி மூச்சு முட்டினாலோ, முகம் வீங்கினாலோ, வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 என்ற அம்பியூலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

அடுத்தது பாம்பு. பச்சை விரியன் இலையோடு இலையாக வாதில் சுற்றிக்கிடக்கும். இன்னும் சில விரியன்கள் அடியில் சருகுக்குள் கிடக்கும். நீளக் கம்பால் வேலியை முழுவதும் தட்டிவிட்டுத் தொடங்குங்கள். காலுக்குச் சப்பாத்து, கைக்குத் தடித்த உறை போடுங்கள். சருகைக் கையால் அள்ளாமல் வாரியால் இழுங்கள். பாம்பு கடித்தால் கடிவாயை வெட்டாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கள்ளி, அரளி போன்ற பால் வடியும் செடியை வெட்டும்போது கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். பால் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவி வைத்தியரிடம் காட்டுங்கள். மின்கம்பியில் முட்டும் கிளையை நீங்கள் வெட்டவே கூடாது. மின்சாரக் காரியாலயத்துக்குச் சொல்லுங்கள்.

வேலியடியைச் சுத்தம் செய்யும்போது யோகட் கப், சிரட்டை, பொலித்தீன், உடைந்த வாளி எதுவானாலும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். அவற்றில் தேங்கும் ஒரு கரண்டித் தண்ணீரில் டெங்கு நுளம்பு வளரும். வேலி மறைவாக இருப்பதால்தான் நாம் குப்பையை அங்கே வீசுகிறோம். வெட்டிய வேலியில் மறைக்க இடமில்லை.

வெட்டிய தழையை எரிக்காதீர்கள்

தழை காசு. கிளிரிசீடியாத் தழையை ஆடு, மாட்டுக்குப் போடலாம். புதிதாகப் போடும்போது சில மிருகங்கள் முகர்ந்துவிட்டுத் தின்னாது. அரை நாள் வாடவிட்டு, புல்லோடு கலந்து சிறிது சிறிதாகப் பழக்குங்கள். உண்ணிச்செடி, அரளி, டுரன்டா ஆகியவற்றை மிருகங்களுக்குப் போடவே கூடாது. அவை நஞ்சு. அரளிக் குச்சியை அடுப்பில் வைக்கவும் வேண்டாம். அதன் புகையும் ஆகாது.

மற்ற மெல்லிய தழையைச் சிறிதாக வெட்டி, ஒரு அடுக்குத் தழை, ஒரு அடுக்குச் சாணம், கொஞ்சம் மண் என்று குவித்து, மழை படாமல் மூடி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் மூன்று நான்கு மாதத்தில் நல்ல எரு. குளிர்ந்த இடத்தில் இன்னும் சில வாரம் செல்லும். பாதை ஓரத்தில் மஞ்சளாகப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தியையும், விதை பிடிக்குமுன் வெட்டி இதில் சேர்த்தால் எரு இன்னும் சத்தாக இருக்கும். உரம் விற்கும் விலையில் இது சும்மா கிடைக்கும் உரம்.

தழையை மட்டும் கானுக்குள் தள்ளாதீர்கள். கான் அடைபட்டால் மழைநீர் பாதை மாறி, ஒருவருடைய சமையலறைக்குள்ளோ மண் மேட்டுக்குள்ளோதான் போகும்.

சரிவில் உள்ள வேலி

வீட்டுக்கு மேலே அல்லது கீழே மண் மேடு இருந்தால், அதன் விளிம்பில் உள்ள வேலியை வெட்டலாம், பிடுங்கக் கூடாது. வேர் மேல்மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் அதே இடத்தில் செடி மரமாக உயர்ந்துவிட்டால், காற்றில் ஆடி வேரோடு சரிந்து மண்ணையும் இழுத்துவரும். ஆகவே விளிம்பு வேலியைத் தாழவும் அடர்த்தியாகவும் வைத்திருங்கள். பெரிய சவுக்கு மரம் போன்றவை பயமாக நின்றால், தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். தாமாக வெட்ட வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வேலி மண்சரிவைத் தடுக்காது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது லயங்களே மண்ணுக்குள் போயின. அப்படியான மண்ணை எந்த வேரும் நிறுத்தாது. ஆனால் ஒழுங்காக வெட்டிய வேலி ஒரு உதவி செய்யும். அது எமக்கு எச்சரிக்கை காட்டும்.

கயிறு பிடித்து நேராக வெட்டிய வேலி ஒருநாள் நடுவில் வளைந்து தெரிந்தால், செடிகளோ கம்பங்களோ ஒரே பக்கமாகச் சாய்ந்தால், வேலியடியில் நிலம் வெடித்துக் கோடு தெரிந்தால், தண்ணீர் இல்லாத இடத்தில் திடீரென ஊற்று வந்தால், ஊற்றுநீர் கலங்கி வந்தால், அவையெல்லாம் நிலம் நகர்கிறது என்பதற்கான அடையாளங்கள். காடாகக் கிடக்கும் வேலியில் இந்தச் சாய்வு கண்ணில் படாது. இப்படிக் கண்டால் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். குடும்பத்தோடு வெளியேறி, அயலவரையும் எழுப்பி, கிராம சேவையாளருக்கும் 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.

எல்லைக் கல்லும் அயலவரும்

காணி உறுதி கையில் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள், இன்னும் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். யாராக இருந்தாலும், அளந்து நட்ட எல்லைக் கல்லை வேலி மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெட்டின்போதும் கல்லைச் சுற்றி ஓரடி துப்புரவு செய்து, கல் தெரியும்படி வையுங்கள். நாளைக்குப் பிள்ளைகள் காலத்தில் ஒரு கேள்வி வந்தால், பேசப்போவது அந்தக் கல்தான். வேலி வளரும், சாயும், பெருக்கும். கல் நகராது.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான வேலி என்றால், இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரே நாளில் வெட்டுவது மிகவும் நல்லது. ஒருவர் கயிறு பிடிக்க மற்றவர் வெட்டலாம். தழையைப் பாதி பாதியாக எடுத்துக்கொள்ளலாம். மற்றவர் இல்லாத நேரத்தில் அவர் பக்கத்தை வெட்டாதீர்கள். "அண்ணே, ஞாயித்துக்கெழம வேலிய வெட்டுவோமா?" என்று முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டால் பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

சுருக்கமாக

1. மழை தொடங்கும்போது வெட்டுங்கள். வறட்சியிலும் உறைபனிக் காலத்திலும் வேண்டாம்.
2. வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்குக்குள்.
3. அடி அகலம், தலை ஒடுக்கம்.
4. சைப்ரஸைப் பச்சைக்கு உள்ளே வெட்டாதீர்கள்.
5. பத்து நிமிடம் குளவி பார்த்து, கம்பால் தட்டிவிட்டுத் தொடங்குங்கள்.
6. தழையை எருவாக்குங்கள். கானில் போடாதீர்கள்.
7. எல்லைக் கல்லைத் துப்புரவாக வையுங்கள். வேலி சாய்ந்தால் நிலத்தைப் பாருங்கள்.

தலைமுறை தலைமுறையாகத் தேயிலையை வெட்டி மட்டம் கட்டியவர்கள் நாம். அந்த மலை எமக்குச் சொந்தமாக இருந்ததில்லை. இந்த 7 பேர்ச்சஸைச் சுற்றி நிற்கும் வேலியை எமக்காக, எமது பிள்ளைகளுக்காக வெட்டுகிறோம். அடுத்த மழை தொடங்குமுன் கத்தியைத் தீட்டி வையுங்கள்.